ரிட்டர்ன் தேதி முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

கேள்வி: ஆன்லைனில் 899 ரூபாய்க்கு ஒரு பவர் பேங்க் வாங்கினேன். ஐந்தாவது வாரமே சார்ஜ் ஏறவில்லை. "ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது" என்கிறது ஆப். விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. இந்தத் தொகைக்காக அலைவதா, தலைமுழுகிவிடுவதா? – வாசகி, திருப்பூர்

பதில்: தலைமுழுக வேண்டாம். அந்த ஏழு நாள் என்பது தளம் தானாக வைத்துக்கொண்ட கெடு, சட்டம் வைத்தது இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் புகார் கொடுக்கலாம். 2020இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் நேராகவே சொல்கின்றன: பொருள் குறைபாடுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, விற்றவர் அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. விலை குறைவான பொருளுக்கு இது பொருந்தாது என்று எங்கேயும் எழுதவில்லை.

அதே சமயம், எல்லாப் பொருளுக்கும் இத்தனை மாதம் கட்டாய வாரண்டி என்ற ஏற்பாடு இந்தியாவில் கிடையாது. அதனால் "ஐந்து வாரத்தில் போய்விட்டது" என்று சொன்னால் மட்டும் போதாது, நீங்கள் கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை, பொருளிலேயே கோளாறு என்று காட்ட வேண்டும். ஆகவே முதல் வேலை ஆதாரம். பொருளின் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முக்கியமாக "6 மாத வாரண்டி" போன்ற வரிகளை, ஏனென்றால் அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம், காணாமலும் போகலாம். பில்லை டவுன்லோட் செய்து வையுங்கள். சார்ஜரில் போட்டும் விளக்கு எரியாததை ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். பவர் பேங்குக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், பொருளின் மேல் R என்று தொடங்கும் எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லை, அல்லது வேறு யாருடைய பெயரோ வருகிறது என்றால் அதை ஸ்கிரீன்ஷாட்டோடு புகாரில் சேருங்கள், உங்கள் பக்கம் ரொம்பவே வலுவாகிவிடும்.

அப்புறம், ஆப்பில் சாட் செய்துகொண்டே இருந்தால் வேலை ஆகாது. ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அவருக்கு மெயில் போடுங்கள்: ஆர்டர் எண், வாங்கிய தேதி, பழுதான தேதி, பணம் வேண்டுமா மாற்றுப் பொருள் வேண்டுமா என்பது, அவ்வளவு போதும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "நாங்கள் விற்கவில்லை, இடம்தான் கொடுத்தோம்" என்று பதில் வந்தால், விற்றவரின் முழு முகவரியையும் மெயிலையும் எழுத்தில் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை.

ஒரு எச்சரிக்கை, இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். முதலில் வருவது மோசடிக்காரர்களின் எண்ணாக இருக்கலாம். "ரீஃபண்ட் போடுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்பார்கள். 899 ரூபாயை மீட்கப் போய் கணக்கே காலியாகிவிடும். அப்படி நடந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

மெயிலுக்குப் பலன் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சாட்டில் வாரக்கணக்கில் இழுத்த விஷயம் இங்கே போனதும் நகர்வதுண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்கிறது சட்டம்; நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தளம், விற்றவர், தயாரித்தவர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது, இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார்.

அதுவரை அந்தப் பவர் பேங்கைத் தெருமுனைக் கடையில் கொடுத்துப் பிரிக்க வைக்காதீர்கள். பிரித்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அது உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் மறுபடி சார்ஜில் போடக் கூடாது, அழுத்தவோ குத்தவோ கூடாது, கூரியரில் அனுப்பவும் கூடாது. துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, படம் எடுத்து, அது உப்பியிருப்பதை மெயிலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.