இருபது பட்டம் வாங்கிய பள்ளிக்கு ஏன் பூட்டு?

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நார்வே என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகையே சுமார் 600தான். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி மாநில பேஸ்பால் சாம்பியன் பட்டத்தை 20 முறை வென்றதாகப் படித்தேன். திறமை இருந்தால் போதும், ஊர் சிறிதா பெரிதா என்பது ஒரு பொருட்டே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இப்படிப்பட்ட பள்ளியை 1991-இல் மூட எப்படி மனம் வந்தது?
— தென்காசி வாசகர்

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு இரண்டாவது கேள்வியே பதில் சொல்லிவிடுகிறது. ஊரின் அளவு பொருட்டே இல்லை என்கிறீர்கள். அந்தப் பள்ளிக்குப் பூட்டுப் போட்டதே ஊரின் அளவுதான்.

1980களில் அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களில் விவசாயம் படுத்துவிட்டது. கடன் ஏறியது, நிலத்தின் விலை சரிந்தது, பிழைப்பு தேடிக் குடும்பங்கள் கிளம்பின. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைப்பது அயோவாவில் வழக்கமாகிவிட்டது. நார்வே பள்ளி, பென்டன் கம்யூனிட்டி பள்ளியோடு சேர்க்கப்பட்டது. கடைசிப் பருவத்தில், அதுவரை பட்டங்களாகக் குவித்துக் கொடுத்த பயிற்சியாளர்கூட இல்லாமல், பையன்கள் மறுபடியும் மாநிலப் பட்டத்தை வென்று காட்டினார்கள். அதை வைத்துப் பிறகு ஒரு திரைப்படமும் வந்தது. பார்த்தால் கண் கலங்கும், மறுக்கவில்லை. ஆனால் வரவுசெலவுக் கணக்கு போடுகிற பள்ளி வாரியம் எண்ணுவது பிள்ளைகளின் தலைகளை. கோப்பைகளை அல்ல.

சரி, சின்ன ஊர் எப்படி இத்தனை முறை ஜெயித்தது? திறமை இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். 1936-இல் கிளீவ்லாண்ட் தொழில்முறை அணிக்காக ஒரே பருவத்தில் 162 ரன்களை அடித்து உள்ளே கொண்டுவந்த ஹால் டிராஸ்கி பிறந்த ஊர் அது. 1984-இல் பால்டிமோர் அணிக்கு 20 ஆட்டங்களை வென்று கொடுத்த பிட்சர் (பந்து வீசுபவர்) மைக் பாடிக்கர் அந்தப் பள்ளியில் படித்தவர். அறுநூறு பேர் ஊருக்கு இது அதிகம்தான்.

ஆனால் ஆட்டத்தின் அமைப்பையும் பாருங்கள். அமெரிக்கப் பள்ளி ஆட்டம் 7 இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக எதிரணியை 21 முறை அவுட்டாக்கினால் முடிந்தது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து, மட்டைக்காரர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். அந்த மேட்டில் நின்று, மட்டையில் படாமல் பந்து வீசத் தெரிந்த ஒரே பையன் போதும், எதிரே இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளி வந்தாலும் மண்ணைக் கவ்வ வைக்கலாம். பதினோரு பேரும் முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்தில் இது நடக்காது. அன்று அந்தப் பையனை அடுத்தடுத்த நாளும் இறக்கலாம். இன்று முடியாது. பிஞ்சுத் தோளும் முழங்கையும் பாழாகிறது என்று, 2017 முதல் ஒவ்வொரு மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமும் வீசும் பந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நல்ல விதி. ஆனால் மூன்று நான்கு பிட்சர்கள் உள்ள பெரிய பள்ளிக்குத்தான் அது கூடுதல் சௌகரியம்.

இன்னொன்று, அந்த 20 பட்டங்களும் ஒரே பருவத்து ஆட்டத்தில் வந்தவை அல்ல. அயோவாவில் அப்போது இலையுதிர் காலத்திலும் மாநில பேஸ்பால் போட்டி நடந்தது. பெரிய பள்ளிப் பையன்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடும் நாட்கள் அவை. நார்வேக்காரர்கள் கையில் பேஸ்பால் மட்டையோடு இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பட்டியலில் 20 என்ற எண்ணைப் பார்த்ததும், எதிரே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கைதட்டுங்கள் என்கிறேன். இண்டியானாவில் 1967-இல் தொடங்கிய மாநிலப் போட்டி 1997 வரை எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பிரிவுதான். முப்பது பேர் படிக்கும் பள்ளியும் மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதின. 1998-இல் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரித்துவிட்டார்கள். பிரித்த பிறகு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் சாம்பியன்கள். பழைய பட்டத்தையும் புதிய பட்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

எதிரே யார் இருந்தார்கள் என்ற கேள்வியை டெக்சாஸுக்குக் கொண்டுபோனால் சங்கடம் இன்னும் அதிகம். அங்கே மாநில பேஸ்பால் போட்டி 1949-இல் தொடங்கியது. நடத்திய சங்கத்தில் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே இடம். கறுப்பினப் பள்ளிகள் 1920 முதல் பிரேரி வியூ என்ற ஊரை மையமாகக் கொண்ட தனிச் சங்கத்தில் தமக்குள் ஆடிக்கொண்டன. 'வெள்ளையர்' என்ற கட்டுப்பாட்டை விதியிலிருந்து எடுத்தது 1965-இல்தான். கறுப்பினச் சங்கம் 1970-இல் கலைந்தது. ஆக, முதல் பதினைந்து வருடங்களுக்கும் மேலாக 'மாநிலச் சாம்பியன்' என்று அச்சிட்டதெல்லாம் மாநிலத்தின் ஒரு பகுதிக்குச் சாம்பியன்.

திறமை இருந்தால் போதும் என்றீர்களே, எர்னி பேங்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டாலஸ் நகரப் பையன். பின்னாளில் சிகாகோ கப்ஸ் அணிக்காக 512 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தவர், 1958, 1959 இரண்டு ஆண்டும் தொடர்ந்து, அமெரிக்காவின் இரு பெரிய தொழில்முறை லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவர் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கான புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளியில் பேஸ்பால் அணியே கிடையாது.