பிகானேரா, ஜெய்சல்மேரா? புதுக் குடித்தனக்காரர்களுக்குக் கேள்வி பதில்

சோலார், காற்றாலை வேலைகளுக்காக மேற்கு ராஜஸ்தான் போகிற நம் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். பாலைவனத்தில் குடித்தனம் வைப்பது பற்றி அவர்கள் கேட்டவையும், இரண்டு ஊரையும் நன்கு அறிந்த ஒருவர் சொன்ன பதில்களும் கீழே.

கேள்வி (கோவை): எனக்கு 28, மனைவிக்கு 26. கல்யாணமாகி ஏழு மாதம். கம்பெனியில் பிகானேர் அல்லது ஜெய்சல்மேர், எது வேண்டும் என்று கேட்கிறார்கள். மனைவி எம்.எஸ்சி., பி.எட். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் சைட்டின் பெயரைக் கேளுங்கள். ஆர்டரில் ‘ஜெய்சல்மேர்’ என்று போட்டிருக்கும். பிளான்ட் பார்மேர் பக்கம் ஃபதேகட்டில் இருக்கும், அல்லது 110 கி.மீ. கிழக்கே பொக்ரானில் இருக்கும். ‘பிகானேர்’ என்றால் பல நேரம் 50 கி.மீ. தள்ளி கொலாயத். பட்லா சோலார் பார்க் என்றால் அது இரண்டு ஊருமே இல்லை, பலோடி பக்கம். தினமும் கம்பெனி வண்டி உண்டா, சைட்டிலேயே தங்கி வாரம் ஒருமுறை வீடு வர வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாரம் ஒருமுறைதான் என்றால் உங்கள் மனைவி பெரும்பாலும் தனியாக இருக்கப் போகிறார். அப்போது அவருக்கு எந்த ஊர் வசதி என்பதுதான் கேள்வி.

அதற்கு என் பதில் பிகானேர். 2011 கணக்கெடுப்பில் பிகானேர் நகரத்தில் 6.44 லட்சம் பேர், ஜெய்சல்மேரில் 65 ஆயிரம். பத்தில் ஒரு பங்கு. பிகானேரில் மகாராஜா கங்கா சிங் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. நிறைய தனியார் பள்ளிகள் இருப்பதால் பி.எட். படித்தவர் வேலை தேட இடமுண்டு. ஜெய்சல்மேரின் பிழைப்பு சுற்றுலா. அக்டோபர் முதல் மார்ச் வரை ஊர் நிறைந்திருக்கும், மே மாதம் பாதி ஹோட்டல் மூடிக்கிடக்கும். ஹோட்டல் நிர்வாகம் படித்தவர் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சைட் ஃபதேகட் பக்கம், தினமும் வீடு திரும்பலாம் என்றால் மட்டும் ஜெய்சல்மேர். இரண்டு ஊருக்கும் இடையே சாலையில் சுமார் 330 கி.மீ. பிகானேரில் குடும்பத்தை வைத்துவிட்டு அங்கே வேலை பார்ப்பது நடக்காது.

இன்னொன்று. ஜனவரியில் போய் ஊரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மே மாதம் நான்கு நாள் இருவரும் சேர்ந்து தங்கிப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): பாலைவனம் என்றாலே தண்ணீர்தான் பயமாக இருக்கிறது. குழாயில் வருமா?

பதில்: வரும். இரண்டு ஊருக்கும் குடிநீருக்கு முக்கிய ஆதாரம் இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் ஹரிகே தடுப்பணையில் தொடங்கி ஜெய்சல்மேர் மாவட்டம் வரை 649 கி.மீ. ஓடி வருகிறது. சிக்கல் தூரத்தில் இல்லை, ‘நஹர்பந்தி’யில் இருக்கிறது. கால்வாயின் கரையைப் பழுதுபார்க்க வருஷா வருஷம் கோடையை ஒட்டி, மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்குள் பல வாரம், தண்ணீரை நிறுத்துவார்கள். முதலில் குறைத்து விடுவார்கள், பிறகு முழுவதும் அடைப்பார்கள். அந்த நாட்களில் ஏரிகளில் தேக்கியதை வைத்து ஊருக்கு முறை போட்டு விடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது சாதாரணம்.

ஆகவே வாடகைக்கு வீடு பார்க்கும்போது முதல் கேள்வி இதுதான்: தரைக்கடியில் தொட்டி எத்தனை லிட்டர்? அங்கே அதை டாங்கா, ஹௌத் என்பார்கள். கணக்கு எளிது. இருவருக்குக் குளியல், துவையல், சமையல் சேர்த்து நாளுக்கு 250 லிட்டர். கூலர் ஓடினால் இன்னும் 200. பத்து நாள் தாக்குப்பிடிக்க 4,500 லிட்டர் வேண்டும். 5,000 லிட்டர் தரைத்தொட்டியும் மாடியில் 1,000 லிட்டரும் இருந்தால் நிம்மதி. மாடியில் 500 லிட்டர் பிளாஸ்டிக் டாங்கு மட்டும் இருக்கும் வீட்டை வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். தொட்டி மேல்வீட்டுக்காரர்களுக்கும் பொதுவா என்றும் கேளுங்கள். பொது என்றால் எத்தனை வீடோ அத்தனையால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக் கையில் வைத்திருங்கள். நம் குடிநீர்த் தரக் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்துக்கு உச்சவரம்பு 2,000. கால்வாய்த் தண்ணீர் பெரும்பாலும் 500-க்குள் நிற்கும். போர் தண்ணீரையோ டாங்கர் தண்ணீரையோ கலந்தால் எண் சட்டென்று ஏறும். டாங்கர்க்காரர் வால்வைத் திறக்கும் முன் ஒரு டம்ளர் பிடித்து அளந்துவிடுங்கள். போர் தண்ணீரில் ஃபுளோரைடும் இருக்கலாம். கொதிக்க வைத்தால் அது போகாது, இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. வேண்டும்.

கேள்வி (சேலம்): ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே வீடு வாடகைக்குக் கிடைக்கிறதாம். மஞ்சள் கல் வீடு, ஜன்னலைத் திறந்தால் பாலைவனம். இளம் தம்பதிக்கு அழகாக இருக்காதா?

பதில்: அழகுதான். 1156-இல் எழுப்பிய கோட்டை, இன்றும் மக்கள் குடியிருக்கும் கோட்டை. ஆனால் அது நிற்கிற குன்றின் அடியில் களிமண் கலந்த பாறை அடுக்கு. பழைய காலத்தில் குடத்தில் தூக்கிவந்த தண்ணீருக்கு ஏற்ற சாக்கடை; குழாய் வந்தபின் அதைப்போலப் பல மடங்கு தண்ணீர் உள்ளே வந்து அடியில் இறங்கியது. கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் அந்த அடித்தளத்தில் போய்ச் சேரும். தவிர வண்டி வாசல் வரை வராது, கேஸ் சிலிண்டர் சந்துக்குள் தூக்கிவர வேண்டும், சுவரில் ஒரு துளை போடுவதென்றாலும் தொல்லியல் துறையின் கட்டுப்பாடு உண்டு. சுற்றிப்பார்க்கப் போங்கள். குடியிருக்க காந்தி காலனி, ஹனுமான் சௌராஹா பக்கம் பாருங்கள்.

கேள்வி (மதுரை): ஏசி வாங்கவா, கூலர் போதுமா?

பதில்: மே, ஜூனில் கூலர் அருமையாக வேலை செய்யும். ஜூலை பாதிக்குமேல் செய்யாது. இரண்டையும் திட்டமிடுங்கள்.

கேள்வி (சென்னை): மன்னிக்கவும், இது தவறான ஆலோசனை. கூலர் வாங்கி ஒரு கோடை முழுக்க வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். 45 டிகிரியில் கூலரை நம்பச் சொல்கிறீர்களா?

பதில்: சார், சென்னைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. கூலர் அங்கே தோற்றதில் வியப்பில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. பிகானேரில் மே மாத மதியம் 44 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்று வையுங்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீர் ஆவியாவதால் மட்டும் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை, சுமார் 23. நல்ல கூலர் அந்த இடைவெளியில் 80 சதவீதத்தைக் கடக்கும். 27, 28 டிகிரியில் காற்று வரும். அதே ஊரில் ஆகஸ்டில் 36 டிகிரி, ஈரப்பதம் 55 என்றால் ஈரக்குமிழே 28-க்கு மேல். அப்போது 30 டிகிரியில் ஈரக்காற்றுதான் வரும், உடம்பு பிசுபிசுக்கும். ஒரே கருவி, ஒரே ஊர், மூன்று மாத வித்தியாசம்.

கூலரை வெளிக்காற்று இழுக்கும்படி ஜன்னலுக்கு வெளியே வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய அறைக்குள் வைத்து ஓட்டினால் அரை மணியில் அறையே ஈரமாகி, கூலர் செயலிழக்கும். குறை சொல்பவர்களில் பாதிப்பேர் செய்கிற தவறு இது.

கேள்வி (இப்போது பிகானேரில் இருப்பவர்): கூலர் கணக்கு சரி. ஆனால் அது குடிக்கும் தண்ணீரை யார் கொடுப்பது? நஹர்பந்தி சமயத்தில் கூலருக்கு ஊற்றுவதா, குளிப்பதா?

பதில்: இந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் இருந்தேன். மணிக்கு 3,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும் பெரிய கூலர் அந்த வெயிலில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் ஆவியாக்கும். பத்து மணி நேரத்துக்கு 200 லிட்டர். கூலர் நன்றாக வேலை செய்யும் மாதமும் கால்வாய் அடைக்கும் மாதமும் ஒன்றின்மேல் ஒன்று வருகின்றன. அதனால்தான் தொட்டி, தொட்டி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1.5 டன் ஏசி அந்த வெயிலில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும், கூலர் 200 வாட். தொட்டி பெரிதென்றால் பகலில் கூலரை ஓட்டுங்கள். தொட்டி சிறிதென்றால் படுக்கையறையில் ஓர் ஏசி போட்டு, மதியத்தை அந்த அறையிலேயே கழியுங்கள்.

கேள்வி (ஓசூர்): ஆர்.ஓ.வில் வீணாகும் தண்ணீரை கூலருக்கு ஊற்றினால் மிச்சம்தானே?

பதில்: வேண்டாம். அது உப்பு கூடிய தண்ணீர். கூலரில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். இரண்டு வாரத்தில் பேட் வெள்ளை பூத்துக் கல்லாகிவிடும், பம்ப் அடைக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். ஆர்.ஓ. கழிவைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வையுங்கள்.

கேள்வி (சென்னை, முன்பு கேட்டவர்): அப்படியானால் ஏசியே மேல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: படுக்கையறைக்கு ஏசி, கூடத்துக்கு கூலர் என்கிறேன். ஏசி வாங்கும்போதும் கவனியுங்கள்: பெட்டியில் போட்டிருக்கும் திறன் 35 டிகிரி வெளிவெப்பத்தில் அளந்தது. 50 டிகிரிக்கு மேலும் ஓடும் என்று எழுதியிருக்கும் மாடல், தாமிரக் காயில், இவை வேண்டும். வெளி யூனிட் மேற்குச் சுவரில் வேண்டாம். ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயல் அடித்து ஓய்ந்ததும் வெளிக்காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாவிட்டால் மறுநாளே டிரிப் ஆகும். இத்துடன் கூலர் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (நெல்லை): இரண்டில் எங்கே சூடு குறைவு?

பதில்: வித்தியாசம் இல்லை. 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான பலோடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கேட்க வேண்டியது எந்த மாடி என்பது. மேல்தளம் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஏப்ரலுக்குள் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவு 5 டிகிரிக்கும் கீழே போகும். ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையும் கீசரும் தேவை.

கேள்வி (தஞ்சாவூர்): இந்த வருடம் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

பதில்: அப்படியானால் யோசிக்க வேண்டாம் அம்மா, பிகானேர். சர்தார் படேல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பி.பி.எம். மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஜெய்சல்மேரில் மாவட்ட மருத்துவமனை உண்டு. ஆனால் சிக்கல் என்றால் ஜோத்பூருக்கு அனுப்புவார்கள். சுமார் 280 கி.மீ., ஐந்து மணி நேரம். பிரசவ வலியோடு கடக்கிற தூரம் இல்லை அது. ஜெய்சல்மேரில்தான் இருந்தாக வேண்டும் என்றால் எட்டாம் மாதம் தொடங்கும் முன்பே ஜோத்பூருக்கோ ஊருக்கோ வந்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஊருக்கு நேர் ரயில் உண்டா?

பதில்: மதுரை–பிகானேர் அனுவ்ரத் எக்ஸ்பிரஸ், வாரம் ஒருமுறை. ஜெய்சல்மேர் என்றால் ஜோத்பூரில் மாற வேண்டும்.

கேள்வி (சேலம் பக்கம், வேறொருவர்): கோட்டைக்குள் வீடு எடுக்கலாமா?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியாயிற்று. கூடாது.

கேள்வி (காரைக்குடி): இட்லி மாவு புளிக்குமா? அரிசி கிடைக்குமா?

பதில்: அரிசி, உளுந்து தாராளமாகக் கிடைக்கும். கறிவேப்பிலைக்குத் தொட்டிச்செடி வையுங்கள், மதிய வெயில் படாத இடத்தில். மே மாதம் மாவு நான்கைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவில் கரைத்து வைத்தால் காலையில் புளித்துப்போகும், விடியற்காலையில் கரையுங்கள். மூடாமல் வைத்தால் மேலே ஏடு காய்ந்துவிடும். ஜனவரியில் மறுநாள் ஆனாலும் எழும்பாது. கம்பளி சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தோடு பெட்டிக்குள் மூடி வையுங்கள். துவரம்பருப்பு வேகவில்லை என்றால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள், உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது. பருப்புக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான்.

கேள்வி (விருதுநகர்): பாம்பு, தேள்?

பதில்: உண்டு. சுருட்டை விரியனை அங்கே ‘பாண்டி’ என்பார்கள். மணலிலும் கல் இடுக்கிலும் இருக்கும். கட்டுவிரியன் இனத்தை ‘பீவனா’ என்பார்கள். தூங்குகிறவரின் மூச்சைக் குடித்துவிடும் என்று ஊரில் சொல்வதற்குக் காரணம், அதன் கடி வலிக்காது, தடமும் தெரியாது. ஆள் தூக்கத்திலேயே போய்விடுவதும் உண்டு. தரையில் படுக்காதீர்கள். கட்டில், கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கடியில் செருகியிருக்க வேண்டும். ஷூவை உதறிப் போடுங்கள். கடித்தால் மந்திரிப்பவரிடம் போகாமல் நேரே அரசு மருத்துவமனை.

கேள்வி (வேலூர்): எல்லைப்புற ஊராயிற்றே, பாதுகாப்பு எப்படி?

பதில்: அன்றாட வாழ்க்கை அமைதியானது. 2025 மே மாத இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது போல இரவில் விளக்கணைக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் அணையுங்கள். கனமான திரைச்சீலை வெயிலுக்கும் உதவும், அதற்கும் உதவும். குடிவந்ததும் காவல் நிலையத்தில் வாடகைதாரர் சரிபார்ப்பைச் செய்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): துபாயா, ஜெய்சல்மேரா?

பதில்: வளைகுடா பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (கோவை, முதலில் கேட்டவர்): பிகானேர் என்று முடிவு செய்துவிட்டோம். சைட் கொலாயத், தினமும் வண்டி உண்டு. எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?

பதில்: மகிழ்ச்சி. ஊரின் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. கோட்கேட், சாங்க்லா ஃபாடக் இரண்டு கேட்டுகளிலும் அடைப்பு விழுந்தால் நெரிசல்தான். கம்பெனி வண்டி எங்கே நிற்கும், மனைவி வேலைக்குப் போகும் பள்ளி எங்கே, இரண்டும் பாதையின் ஒரே பக்கமா என்று பாருங்கள். மருத்துவமனை பக்கத்தில் வேண்டும் என்றால் சாதுல்கஞ்ச், பவன்புரி. புதிய வீடும் அகலமான தெருவும் வேண்டும் என்றால் ஜெய் நாராயண் வியாஸ் காலனி. தரைத்தளமோ முதல் மாடியோ, மேற்கே ஜன்னல் குறைவாக. முன்பணம் கொடுக்கும் முன் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு நீளக் கம்பை விட்டு ஆழத்தை நீங்களே அளந்துவிடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர்.