சுவிட்ச் உங்களுடையது, பாஸ்வேர்டு யாருடையது?

இந்த வாரக் கடிதங்களில் நெட்வொர்க் சுவிட்ச் புலம்பல்தான் அதிகம். கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் கேபிளில் ஒன்றாக இணைக்கும் பெட்டிதான் அது. மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் சுவிட்ச் மாட்டியவரின் வண்டவாளம் வெளியே வரும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது அறை ஹோம்ஸ்டே. விருந்தினர் வைஃபை தனி, கேமராவும் பில் போடும் கம்ப்யூட்டரும் தனி என்று மேனேஜ்டு சுவிட்சில் (உள்ளே போய் அமைப்பை மாற்றக்கூடிய ரகம்) பிரித்துக் கொடுத்தார்கள். கரண்ட் போய் வந்தால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. சேலத்திலிருந்து ஆள் வந்து சரிசெய்ய ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய். சுவிட்ச் கோளாறா?
— ஏற்காடு

பதில்: சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. வந்தவர் சேவ் செய்யவில்லை. இந்த ரக சுவிட்சுகள் பலவற்றில் நாம் செய்யும் மாற்றம் முதலில் ரன்னிங் கான்ஃபிக் என்ற தற்காலிக இடத்தில்தான் உட்காரும். அதை ஸ்டார்ட்டப் கான்ஃபிகில் ஏற்றினால்தான் கரண்ட் போனாலும் நிற்கும். திரையின் மேல் ஓரத்தில் சேவ் என்று இருக்கும், ஒரு கிளிக்தான். அந்த ஒரு கிளிக்கைச் செய்யாமல்தான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஒவ்வொரு முறையும் காசு வாங்கியிருக்கிறார்.

அடுத்த முறை அவருக்கு டீ கொடுங்கள். குடித்து முடிப்பதற்குள் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். அது முழுதாக எழுந்ததும் விருந்தினர் வைஃபையில் உங்கள் போனைச் சேர்த்துக் கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அவரை மலையிறங்க விடாதீர்கள். முன்பு கொடுத்த பணத்தையும் கேளுங்கள், அது உங்கள் பணம்.

கேள்வி: வீட்டில் ஒரு டிவி, ஒரு கம்ப்யூட்டர், மாடியில் ஒரு வைஃபை பெட்டி. கடைக்காரர் 24 போர்ட் (கேபிள் செருகும் துளை) மேனேஜ்டு சுவிட்ச் கொடுத்து, “பின்னாடி உதவும்” என்றார். சரிதானே?
— ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: அவருக்கு இப்போதே உதவிவிட்டது. சீல் பிரிக்கவில்லை என்றால் இன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்து போர்ட் சாதா சுவிட்ச் வாங்குங்கள்.

கேள்வி: கொலுசுப் பட்டறையில் எட்டு கேமரா, எட்டு போர்ட் பிஓஇ சுவிட்ச் (லேன் ஒயரிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கும் ரகம்). பகலில் எட்டும் ஓடுகின்றன. இருட்டினால் இரண்டு மூன்று அணைந்துவிடுகின்றன. “ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரும்” என்று சொல்லித்தான் விற்றார்கள்.
— செவ்வாய்பேட்டை

பதில்: பாதி உண்மை சொல்லி விற்றிருக்கிறார்கள். ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரும். ஆனால் எட்டுக்கும் சேர்த்து மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் அது 60 வாட். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், கரண்ட் அதிகம் இழுக்கும். கேமராவுக்கு 9 வாட் என்றாலே 72 ஆகிவிட்டது. அப்போது சுவிட்ச் சிலதைக் கழற்றிவிடத்தான் செய்யும்.

ஒயரையும் பாருங்கள். ஒரு துண்டு வெட்டி உள்ளிருக்கும் கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். சிவப்பு போய் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வழியிலேயே கரண்டைத் தின்னும், சூடாகும். வெள்ளியை உரசிப் பார்க்காமல் வாங்காத ஊர்க்காரர், ஒயரை மட்டும் ஏன் சும்மா வாங்கினீர்கள்?

கேள்வி: ஆன்லைனில் வாங்கி மாட்டி ஒரு வாரம் ஆகிறது. லாகின் பக்கமே வரவில்லை. மோசமான கம்பெனி என்று ரிவ்யூ போட்டுவிட்டேன்.
— ஓமலூர்

பதில்: ரிவ்யூ எழுதும் நேரத்தில் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்திருக்கலாம். சுவிட்சின் முதல் முகவரி அதில் இருக்கும்: சில கம்பெனிகளுக்கு 192.168.0.1, டி-லிங்க் என்றால் பெரும்பாலும் 10.90.90.90. லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, ஒரே ஒரு கேபிளில் சுவிட்சோடு சேருங்கள். லேப்டாப்புக்கும் அதே வரிசையில் ஒரு முகவரியைக் கையால் கொடுங்கள். 192.168.0.1 என்றால் 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0. பக்கம் வந்துவிடும். உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் ரவுட்டருக்கும் 192.168.0.1 என்றால் சுவிட்சின் முகவரியை மாற்றிய பிறகே இரண்டையும் இணையுங்கள். ரிவ்யூவையும் திருத்திவிடுங்கள்.

கேள்வி: நானே நடத்தும் சிறு கம்ப்யூட்டர் சென்டர். சுவிட்ச் மாட்டியவர் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டு தரவில்லை. கேட்டால் “அது எங்க பாலிசி” என்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை.
— அம்மாபேட்டை

பதில்: வீட்டை விற்றுவிட்டுச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்குப் பாலிசி என்று பெயரா? இந்த வியாதி ஊர் முழுக்க இருக்கிறது. பாஸ்வேர்டு கையில் இல்லாதவர் சின்ன மாற்றத்துக்கும் அவரையே கூப்பிட வேண்டும் என்ற கணக்குதான். சுவிட்சுக்குக் காசு கொடுத்தது நீங்கள், பாஸ்வேர்டும் அதோடு சேர்த்தி. கான்ஃபிக் ஃபைலின் ஒரு நகலும், எந்தப் போர்ட்டில் எது என்று எழுதிய ஒரு தாளும் அப்படியே. இவை கைக்கு வரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது!

நானும் பட்டவன்தான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய 24 போர்ட் சுவிட்சை மலிவு என்று பில் இல்லாமல் வாங்கினேன். வீட்டில் போட்டால் ஃபேன் சத்தம் ரைஸ் மில் மாதிரி. உள்ளே யாரோ பழைய முதலாளியின் பாஸ்வேர்டு. அதை அழிக்க, சுவிட்சோடு நேரடியாகப் பேசும் கன்சோல் கேபிள், அதை லேப்டாப்பில் செருக யுஎஸ்பி மாற்றி, எல்லாம் தனிக் காசு. வேகத்தை 9600 என்று வைக்க வேண்டும் என்பது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் திரையில் குப்பை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதன் மேல் ஜவ்வரிசி டப்பா இருக்கிறது.

உங்கள் கதைக்கு வருகிறேன். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தால் பாஸ்வேர்டு போகும், கூடவே மற்ற அமைப்பும் போகும். அதனால் அது கடைசி வழி. முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பும் போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. “வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று அவர் வாதாடலாம். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதில் விலக்கு கொடுக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் வைத்திருக்கிறீர்கள்தானே?

கேள்வி: வேகம் இரண்டு மடங்காகும் என்று இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டேன். மொத்த ஆபீசும் நின்றுவிட்டது.
— ஆத்தூர்

பதில்: ஒன்றைப் பிடுங்குங்கள்.

கேள்வி: எஸ்டேட் பங்களாவிலிருந்து ஆபீஸ் 140 மீட்டர். இடி மின்னலில் மூன்றாவது சுவிட்சும் எரிந்துவிட்டது. வாரண்டியில் மின்னல் சேராது என்கிறார்கள்.
— நாகலூர்

பதில்: வாரண்டி தாளில் பெரும்பாலும் அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. செம்பு லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் இழுத்துக் கொடுத்தவரைக் கேளுங்கள். அவ்வளவு நீளச் செம்பு வெட்டவெளியில் கிடந்தால் மின்னலுக்கு நீங்களே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. உள்ளே உலோகமே இல்லாத ஃபைபர் கேபிளைக் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் ஃபைபரைச் சேர்க்கும் எஸ்எஃப்பி போர்ட் உள்ள சுவிட்ச் வேண்டும். கரண்ட் லைன் வழியாகவும் மின்னல் வரும் என்பதால் எர்த்திங்கையும் சோதியுங்கள். நான்காவது சுவிட்ச் அதற்கப்புறம்.