ஏற்காட்டுக் காபித்தூள்: குறை சொல்வார்களோ என்ற பயத்துக்கு

வேலை நேரம் போக ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைக்கிறீர்கள்; விற்பனைக்கு என்று ஸ்டேட்டஸில் போட்டால் "சிக்கரிதான் முக்கால்வாசி" என்பார்களோ என்று தயங்குகிறீர்கள். பதிலைப் பாக்கெட்டிலேயே அச்சடியுங்கள்: காபி 80%, சிக்கரி 20%, வறுத்த தேதி. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். விகிதம் போடுவதும் கட்டாயம்தான்.

எடுத்ததும் ஊருக்கே அறிவிக்க வேண்டாம். சேலத்தில் அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பத்துப் பேருக்கு 50 கிராம் கொடுங்கள். சொந்தக்காரர்களை விட்டுவிடுங்கள், "சூப்பர்" என்று முடித்துவிடுவார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "டிகாஷன் இறங்க எவ்வளவு நேரமாச்சு?" என்று கேளுங்கள். சட்டென்று இறங்கித் தண்ணியாக இருந்தால் அரைப்பு கொரகொரப்பு. இறங்காமல் நின்றால் மாவாகிவிட்டது. "நல்லாவே இல்லை" என்பது பெரும்பாலும் இந்த அரைப்புக் கோளாறுதான், மில்லில் சரிசெய்துவிடலாம். "விலை ஜாஸ்தி" என்பவரிடம் வாதாடாமல் 100 கிராம் பாக்கெட்டைக் காட்டுங்கள்.