டொலுயீனில் எஸ்இபிஎஸ் ஜெல் ஆகாதது ஏன்?

வணக்கம். தண்டையார்பேட்டைப் பட்டறையில் எஸ்இபிஎஸ் எனும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கின் குருணையை 10 சதவீத அளவில் டொலுயீனில் கரைத்தும் ஜெல் ஆகாமல் ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். குருணையில் குறையில்லை, கரைப்பான்தான் பொருந்தவில்லை. டொலுயீன், எஸ்இபிஎஸ் மூலக்கூறுச் சங்கிலியின் இரு முனைகளிலுள்ள பாலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கையும் நடுவிலுள்ள ரப்பர் பகுதியையும் சேர்த்தே கரைத்துவிடுகிறது. வெள்ளை மினரல் ஆயிலோ நடுப்பகுதியை மட்டும் ஊறவைக்கும். எண்ணெய்க்கு ஒவ்வாத முனைகள் ஒன்றுகூடி, அறை வெப்பநிலையில் இறுகிய நுண்முடிச்சுகளாகிவிட, ஒரு முடிச்சிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமாக ஓடும் நடுச்சங்கிலிகளே எண்ணெயைப் பிடித்து நிறுத்துகின்றன. முடிச்சுகளில் வேதிப் பிணைப்பு இல்லாததால், சூடாக்கினால் இளகும், ஆறினால் மீண்டும் உறையும். குருணையை எண்ணெயில் ஊறவிட்டு, நேரடித் தீயின்றி 140 டிகிரி செல்சியஸ் அளவில், தெளியும்வரை கிளறுங்கள். வாங்கும்போது மூன்று தொகுதி (முனை, நடு, முனை) ரகம்தானா என்று அவசியம் கேளுங்கள். இரு தொகுதி (ஒரு பாலிஸ்டைரீன் முனை, ஒரு ரப்பர் பகுதி) ரகத்தில் ஒரு முனை மட்டுமே முடிச்சில் சேருமாதலால் பாலம் அமையாது. டொலுயீன் பட்ட பாத்திரத்தைத் தயவுசெய்து சூடேற்றாதீர்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.