மொட்டை மாடிக் கோபுரமும் 14 கிலோவாட் சூடும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அறிவியல் புனைகதையும் எழுதிப் பார்க்கிறேன். இப்போது எழுதும் கதை 2090-ல் நடக்கிறது. பாலாறு வறண்டு, போர்வெல்லும் கைவிட்டபின், வேலூரில் ஒவ்வொரு மொட்டை மாடியிலும் பனைமர உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. மின்சாரம் இல்லாமல் காற்றிலிருந்தே தினமும் 500 லிட்டர் தண்ணீர் இறக்கித் தருகிறது. குளிர்சாதனப் பொறியாளரான என் நண்பர் படித்துவிட்டு, "இது நடக்கவே நடக்காது" என்றார். காரணம் கேட்டால் "தெர்மோடைனமிக்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார். புனைகதைக் கருவிகளில் எது நிஜமாகும், எது ஆகாது என்று எப்படிப் பிரிப்பது? என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதையே கண்காட்சிக்குச் செய்ய ஆசைப்படுகிறார்கள். மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு வாங்கலாமா? சைக்கிளில் மாட்டினால் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில் என்று ஒரு காணொளியையும் காட்டுகிறார்கள். அதை நம்பலாமா?

அன்புடன்,
ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

நண்பர் சொன்ன சொல் சரிதான். ஆனால் எந்த இடத்தில் இடிக்கிறது என்று அவர் காட்டியிருக்க வேண்டும். பலரும் காற்றில் ஈரம் போதாது என்று நினைக்கிறார்கள். இடிப்பது அங்கே இல்லை.

கத்திரி வெயில் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிராம் நீராவி இருக்கிறது. ஐப்பசியில் 27 டிகிரி, 80 சதவீதம் என்றால் 20 கிராம் சொச்சம். உடம்புக்குத் தெரிகிற அளவு பெரிய வித்தியாசம் கணக்கில் இல்லை. கத்திரிக் காற்றை 10 டிகிரி வரை குளிர்வித்தால் சுமார் 145 கன மீட்டருக்கு ஒரு லிட்டர் கிடைக்கும். 500 லிட்டருக்கு 72,000 கன மீட்டர் வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்று, இரண்டரை அடிக்கு இரண்டரை அடி ஜன்னல் வழியாக ஒரு நாளில் தாராளமாக அவ்வளவையும் கொண்டுவந்துவிடும். உங்கள் கோபுரத்துக்குப் பனைமர உயரமே தேவையில்லை.

இடிப்பது சூட்டில். நீராவி தண்ணீராகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளியே விடுகிறது. லிட்டருக்குச் சுமார் 2,450 கிலோஜூல், அதாவது கரண்ட் பில் கணக்கில் 0.68 யூனிட். 500 லிட்டருக்கு 340 யூனிட். 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் 14 கிலோவாட். கோபுரத்துக்குள் 14 இஸ்திரிப் பெட்டிகளை ராப்பகலாகப் போட்டு வைத்த மாதிரி. அந்தச் சூடு போக வேண்டிய வெளிக்காற்று 40 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் படிய வேண்டிய பரப்போ 19 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும், ஏனென்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி படியத் தொடங்கும் வெப்பநிலை, அதுதான். குளிர்ந்த பரப்பிலிருந்து சூடான காற்றுக்குச் சூடு தானாக ஏறாது. தள்ளித்தான் ஏற்ற வேண்டும், தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டும்.

கம்ப்ரசர் வைத்துத் தள்ளினால் நடக்கும். அப்படிப்பட்ட கருவிகள் விற்பனையிலேயே இருக்கின்றன. நீராவியோடு சேர்த்து அந்த 145 கன மீட்டர் காற்றையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால், கத்திரியில் லிட்டருக்குச் சுமார் 2 யூனிட் சூட்டை வெளியேற்ற வேண்டும். நல்ல கம்ப்ரசர் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூட்டைத் தள்ளும். ஆக லிட்டருக்கு 0.7 யூனிட் மின்சாரம், ஃபேன் செலவு தனி. ஐப்பசியில் இதில் பாதி போதும். தண்ணீர் இல்லாத மாதத்தில் முழுச் செலவு, ஏரி நிரம்பிக் கிடக்கும் மாதத்தில் பாதிச் செலவு என்பது இந்தக் கருவியின் பிறவிக் குணம். 1,000 அடி போரிலிருந்து 1,000 லிட்டர் ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, 2 யூனிட் ஆகிறது. அதே 1,000 லிட்டரைக் காற்றிலிருந்து எடுக்க 350 முதல் 700 யூனிட். போரில் உப்புத் தண்ணீர் வந்தாலும் அதை ஆர்ஓ போட்டுக் குடிப்பது இதைவிடப் பலமடங்கு மலிவு. நடக்கவே நடக்காது என்பது தவறு. நடக்கும், ஆனால் வேறு எந்த வழியும் இல்லாத இடத்துக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஒரு கருவி நிஜமாகுமா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆற்றல் எங்கிருந்து வருகிறது, கழிவுச் சூடு எங்கே போகிறது? பாகங்களைப் பற்றி எழுத்தாளர் தவறாக ஊகித்தால் குற்றமில்லை. 1945-ல் ஆர்தர் சி. கிளார்க், பூமியோடு சேர்ந்து சுற்றும் தகவல் தொடர்பு நிலையங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவற்றில் ஆட்கள் தங்கியிருந்து வேலை பார்ப்பார்கள் என்று நினைத்தார். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது, எரிந்துபோன வால்வுகளை மாற்ற ஆள் தேவைப்படவில்லை. ஆனால் சுற்றுப்பாதைக் கணக்கு அப்படியே நின்றது. 1964-ல் சின்காம்-3 செயற்கைக்கோள் போய் நின்றது அங்கேதான், 35,786 கிலோமீட்டர் உயரத்தில். புனைகதைகளில் வரும், ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் போர்வையும் இந்தச் சோதனையில் ஓரளவு தேறும். 2006-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் செம்பு வளையங்களை வைத்து ஒரு பொருளை மைக்ரோவேவிலிருந்து மறைத்தார்கள். ஆனால் அது ஒற்றை அலைநீளத்துக்கு மட்டும். கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்துக்கும் ஒரே நேரத்தில் மறைப்பது வேறு சங்கதி.

இப்போது அந்த சைக்கிள் பாட்டில். மணிக்கு அரை லிட்டர் என்றால் உள்ளுறை வெப்பம் மட்டுமே 340 வாட் அளவில் வெளியேற வேண்டும். நல்ல கம்ப்ரசரே வைத்தாலும் அதைத் தள்ள 110 வாட் மின்சாரம் வேண்டும். காணொளியை நிறுத்தி, பாட்டில்மேல் எவ்வளவு பெரிய சூரியத் தகடு இருக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கை அகலத் தகடு நேர் வெயிலில் தருவது 10 வாட்டுக்குள்தான் இருக்கும். இந்தக் கழித்தலை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். அதன்பிறகு இப்படிப்பட்ட காணொளிகள் அவர்களை ஏமாற்றாது.

பெல்டியர் வாங்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. கடையில் கிடைக்கும் டிஇசி1-12706 என்பது 4 செ.மீ. சதுரத் தகடு. 12 வோல்ட்டில் 50 முதல் 60 வாட் இழுக்கும். இரு பக்கத்துக்கும் 30, 40 டிகிரி வித்தியாசம் வந்தபின் அது தள்ளும் சூடு 20 வாட் அளவுதான். அந்த 20 வாட்டும் நீராவிக்கே போனால்கூட மணிக்கு 30 மி.லி. கத்திரியில் காற்றைக் குளிர்விப்பதிலேயே பெரும்பங்கு போய்விடும், 10 மி.லி. வந்தால் நல்லது. நாள் முழுக்க ஓட்டினால் ஒன்றரை யூனிட் செலவில் கால் லிட்டர்.

அது கெடும் விதங்களும் எல்லாருக்கும் ஒன்றுதான். சூடான பக்கம் 70, 80 வாட் வெளியேற்ற வேண்டும். சூட்டைக் காற்றில் விடும் உலோகச் சிறகுத் தகடான ஹீட் சிங்க் சின்னதாக இருந்தால் அது கொதிக்கும், அதோடு குளிர்ந்த பக்கமும் சூடேறும். பழைய கணினியின் பிராசசர் கூலரை ஃபேனோடு போடுங்கள், இடையில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மெல்லியதாகத் தடவுங்கள். ஃபேன் நின்றுபோனால் நிமிடங்களில் தகடு பாழாகும். உள்ளே ஈயப்பற்று 138 டிகிரியிலேயே உருகும் வகை. இரண்டு ஹீட் சிங்குக்கும் நடுவே தகட்டைச் சுற்றியுள்ள இடைவெளியை ஃபோம் வைத்து அடைக்காவிட்டால், தள்ளிய சூடு அப்படியே திரும்பி வரும். குளிர்ந்த பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெள்ளையாக உறைபனி பிடிக்கும். பார்க்க அழகாக இருக்கும், சொட்டு விழாது. பனிநிலைக்கு ஐந்தாறு டிகிரி கீழே வைத்தால் போதும். காற்றை வேகமாக ஊதினாலும் தப்பு, தகடு பனிநிலையையே தொடாது.

பனிநிலையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெளிப்பக்கம் பளபளப்பாக உள்ள எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை வைத்து, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். டம்ளரின் வெளிப்புறம் மங்கும் கணத்தில் வெப்பமானி காட்டுவதுதான் பனிநிலை. ஐஸ் கரைந்து மங்கல் மறையும்போது மறுபடி படித்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். மூச்சு டம்ளரில் படக் கூடாது. கத்திரியில் 19-ஐ ஒட்டியும், ஐப்பசியில் 23-ஐ ஒட்டியும் வரும்.

மின்சாரமே வேண்டாம் என்றால் இரண்டு வழி. ஒன்று பனி. தெளிந்த இரவில் கூரை தன் சூட்டை வானத்துக்கு அனுப்பிக் குளிர்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் இப்படிப் பனிநீர் சேர்க்கும் கூரைகளை அமைத்திருக்கிறார்கள். நல்ல இரவில் சதுர மீட்டருக்கு அரை லிட்டர்தான் கிடைக்கும். உங்கள் 500 லிட்டருக்கு 25 சென்ட் கூரை வேண்டும், அதுவும் மார்கழியில். கத்திரி இரவில் கூரை 19 டிகிரிக்கு இறங்கவே இறங்காது.

இரண்டாவது வழியைத்தான் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்வேன்: ஈரம் இழுக்கும் உப்பு. இதன் சூட்சுமம், வெயிலே தள்ளும் வேலையைச் செய்துவிடுவது. உப்பு இரவில் நீராவியை இழுத்து வைக்கும். பகலில் மூடிய பெட்டிக்குள் சூடேறி, செறிவாக வெளியே விடும். செறிந்த ஆவி 40 டிகிரிக் கண்ணாடியிலேயே படிந்துவிடும். 19-க்கு இறக்க வேண்டியதில்லை, சூடு தானாக வெளிக்காற்றுக்குப் போகும்.

200 கிராம் கால்சியம் குளோரைடு, 300 மி.லி. தண்ணீர். தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கையுறை கட்டாயம். நீரற்ற உப்பு கரையும்போது நன்றாகச் சூடேறும். கறுப்புப் பருத்தித் துணியை முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒருநாள் வெயிலில் காயவைத்து எடை போடுங்கள். இரவு முழுக்கக் கூரையின் கீழ் காற்றோட்டத்தில் நைலான் கயிற்றில் தொங்கட்டும், அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு மறுபடி எடை. ஈரமான இரவில் 100 முதல் 200 கிராம் ஏறலாம். அந்த ஏற்றம்தான் அன்றைய உச்சவரம்பு.

பிறகு துணி பெட்டிக்குள் போகிறது. இரண்டடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் பெட்டி, உள்ளே ஓர் அங்குலத் தெர்மோகோல், அதன்மேல் பிளாஸ்டிக் தட்டு. தகரத்தையும் அலுமினியத்தையும் இந்த உப்பு அரித்துவிடும். மேலே 25 டிகிரிச் சாய்வில் கண்ணாடி, தாழ்ந்த ஓரத்தில் பாதியாக வெட்டிய பிவிசி குழாய், அதிலிருந்து வெளியே ஒரு டியூப். மூட்டுக்குச் சிலிகான் தடவினால் ஒருநாள் முழுக்க ஆற விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை அவசரத்தில் மூடப்பட்டால் அந்த அமிலம் தண்ணீரில் இறங்கும். மாலை நான்கு மணிக்குத் துணியின் எடை எவ்வளவு இறங்கியது, பாட்டிலில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூட்டில் கசிகிறது என்று அர்த்தம். கண்காட்சியில் இந்த மூன்று எடைகளையும் பலகையில் எழுதி வைத்தாலே போதும். வந்த நீரில் ஆய்வகத்து சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, வெண்மையாகக் கலங்கினால் உப்புக் கரைசல் தெறித்து இறங்கியிருக்கிறது. எப்படியும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

இதே வழியில் உப்புக்குப் பதில், நுண்துளைகள் நிறைந்ததாக வடிவமைத்த துளைப்பொருளை வைத்தவர் வேதியியலாளர் ஓமர் யாகி. 20 சதவீத ஈரப்பதத்திலும் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2.8 லிட்டர் எடுக்கலாம் என்று 2017-ல் அவர் இணைந்த குழு எழுதியது. உலோக-கரிம அந்தத் துளைப்பொருள்களுக்காக 2025-ல் சுசுமு கிடாகவா, ரிச்சர்ட் ராப்சன் ஆகியோரோடு அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பொருள் எவ்வளவு சிறந்தாலும் வெயிலின் வரம்பு அப்படியே இருக்கிறது. நம் ஊரில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட் விழுகிறது, லிட்டருக்குக் குறைந்தது 0.7 யூனிட் வேண்டும். இழப்பே இல்லாவிட்டாலும் 7 லிட்டர். கண்ணாடியிலும் பெட்டியிலும் போவது போக ஒன்றிரண்டு லிட்டர்.

ஆகவே உங்கள் கதையில் கோபுரத்தைப் படுக்க வையுங்கள். 1,000 சதுர அடி மாடி முழுக்கக் கண்ணாடி, தினமும் 100 லிட்டர் என்று எழுதினால் உங்கள் நண்பர் வாய் திறக்க மாட்டார். 300 வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. ஒரு அடுக்கில் ஆவி படியும்போது வரும் சூட்டை வீணாக்காமல் அடுத்த அடுக்கின் உப்பைச் சூடாக்கப் பயன்படுத்துவது. கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலைகள் இதைத்தான் செய்கின்றன. மூன்று அடுக்கு வைத்தால் அதே வெயிலில் மூன்று மடங்கை நெருங்கலாம். ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்பதால் முதல் அடுக்கு 120 டிகிரியைத் தாண்டும். தட்டைக் கண்ணாடிப் பெட்டி அந்தச் சூட்டுக்குப் போகாது, வெயிலைக் குவிக்கும் ஆடி வேண்டும். அடுக்குக்குள் வெளிக்காற்று புகுந்தால் ஆவி படிவது படுத்துவிடும், மூட்டு ரப்பரை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். 2090-ன் வேலூர்க்காரர் காலையில் மாடியேறிச் செய்யும் வேலை அதுவும், ஆடியில் படிந்த தூசியைத் துடைப்பதும்தான். துடைக்க எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை அந்த 300-ல் கழித்துவிடுங்கள்.