டியூ டேட் நெருங்குது, ஜெபமே வரல – என்ன பண்றது?

கேள்வி: 11-வது வாரத்துல எனக்கு கரு கலைஞ்சுபோச்சு, ஆறு மாசம் ஆகுது. அடுத்த மாசம் டியூ டேட். "கர்த்தர் ஒரு திட்டத்தோடதான் எடுத்திருப்பார்"னு எல்லாரும் சொல்றாங்க, அதைக் கேட்டுக் கேட்டு ஜெபம் பண்ணவே மனசு வரல. நான் பண்ண ஏதோ பாவமோன்னு தோணுது. கையில ஒரே ஒரு ஸ்கேன் படம் இருக்கு. அந்த நாளை எப்படிக் கடக்கறது?

பதில்: முதல்ல அந்தப் பாவம்ங்கற பாரத்தை இறக்கி வெச்சிடுங்கம்மா. முதல் மூணு மாசத்துல நடக்கற கருச்சிதைவுல சுமார் பாதி, கருவோட குரோமோசோம்ல வர்ற கோளாறாலதான் நடக்குது, நீங்க ஏறின மாடிப்படியோ யார்கிட்டயோ கோவப்பட்டதோ காரணம் இல்ல. யோவான் 9-ல பிறவியிலேயே பார்வை இல்லாதவரைப் பாத்து சீஷருங்களும் யார் செஞ்ச பாவம்னுதான் கேட்டாங்க, இவரும் இல்ல இவரைப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசு சொல்லிட்டார்.

திட்டம் திட்டம்னு சொல்றவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா வலிக்குது இல்லையா. வேதத்துல பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவோட நண்பர்கள் 7 நாள் ராப்பகலா ஒரு வார்த்தை பேசாம அவர்கூட தரையில உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் சரி, அப்புறம் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க. கடைசியில கடவுள் யோபுவையும் கேள்வி கேட்டார்தான், ஆனா அவருக்குக் கோபம் மூண்டது அந்த நண்பர்கள் மேல.

ஜெபம் வரலன்னா சங்கீதம் 88-ஐ சத்தமா வாசிங்க. மத்த புலம்பல் சங்கீதம் பலதும் முடியறப்ப துதியில போய் நிக்கும், இது இருட்டுலயே முடியும், அதையும் வேதத்துல வெச்சிருக்காங்க பாருங்க. அதுவும் முடியலன்னா சும்மா அழுங்க. நம்ம கண்ணீரை அவர் துருத்தியில, அதாவது தோல் பையில, சேத்து வைக்கறதா சங்கீதம் 56 சொல்லுது. குழந்தை இல்லாம ஏங்கின அன்னாள் உதடு மட்டும் அசைய அழுததை ஆசாரியர் ஏலி குடிபோதைன்னே நினைச்சார், கர்த்தர் அதை ஜெபமாத்தான் கேட்டார்.

இப்ப அந்த ஸ்கேன் படம். இதை இன்னைக்கே செய்யுங்க. அது பெரும்பாலும் தெர்மல் பேப்பர், பில் மாதிரி நாளாக நாளாக மங்கிடும். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, சூடு பட்டா முழுசா கருத்துப்போயிடும். எனக்கு அப்படித்தான் போச்சு, மெஷின்ல இருந்து வெளிய வந்தப்ப ஒரு கருப்புத் தாளுதான் கையில இருந்துச்சு, இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைச்சா தொண்டை அடைக்குது. வெளிச்சம் நேரா விழாம போட்டோ எடுத்து ரெண்டு மூணு இடத்துல சேவ் பண்ணுங்க, ஒரிஜினலை சாதா பேப்பர் கவர்ல போட்டு உங்க பைபிளுக்குள்ளயே வெச்சுக்கலாம்.

பேர் வைக்கலாமான்னு தயங்க வேண்டாம், தாராளமா வைங்க. பொண்ணா பையனான்னு தெரியாததால ரெண்டுக்கும் பொருந்தற பேரா, கணவரும் நீங்களும் சேந்து தேடுங்க. அவர் அழலன்னா வருத்தம் இல்லன்னு அர்த்தம் கிடையாது, பேர் தேட உக்காரும்போதுதான் சில அப்பாக்கள் முதல்முறையா வாயைத் திறக்கறாங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு எதுலயும் பிடிப்பே இல்லன்னா டாக்டரைப் பாருங்க, செத்துப்போயிடலாம்னு தோணிச்சுன்னா அன்னைக்கே போங்க. அதுக்கும் விசுவாசக் குறைவுக்கும் சம்பந்தமே இல்ல.

டியூ டேட் அன்னைக்கு முடிஞ்சா லீவு போடுங்க, சாயங்காலம் ஒரு மெழுகுவத்தி ஏத்தி குழந்தை பேரை ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லுங்க. அக்டோபர் 15-ம் தேதி ராத்திரி 7 மணிக்கு உலகம் பூரா இப்படி இழந்தவங்க ஒரு மணி நேரம் மெழுகுவத்தி ஏத்தறாங்க, வருஷா வருஷம் அதுலயும் சேந்துக்கலாம். அந்த வாரம் சபையில குழந்தைப் பிரதிஷ்டை, அதாவது குழந்தையைக் கடவுளுக்கு ஒப்புக்குடுக்கற ஆராதனை, இருந்தா போகாம இருக்கறது தப்பில்ல. பாஸ்டரை ஜெபிக்கச் சொல்றதா இருந்தா ஒரு சின்னத் தாள்ல பேரை எழுதிக் குடுங்க, "அந்தச் சம்பவம்"னு சொல்லாம பேரைச் சொல்லியே ஜெபிக்கச் சொல்லுங்க.